கடைசி பெண்டு (குழாய் வளைவு) மட்டும் ஏன் ஓட்டையாகிறது? குவார்ட்ஸ் மணலும் காற்றுக் குழாயும்

வாசகர் கேள்வி, 14 செப்டம்பர் 2024

புதுச்சேரி சேதராப்பட்டில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலை ஒன்றில் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். பிளோ டேங்கிலிருந்து (சரக்கைக் காற்றழுத்தத்தால் குழாய்க்குள் தள்ளும் தொட்டி) சைலோவுக்கு (உயரமான சேமிப்புக் கலன்), 100 மி.மீ. உள்விட்டமுள்ள இரும்புக் குழாயில் ஏறத்தாழ 120 மீட்டர் தூரம் சரக்கைக் காற்றில் அனுப்புகிறோம். சைலோவுக்கு முந்தைய பெண்டு ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டையாகிவிடுகிறது. நீண்ட ஆரமுள்ள பெண்டு போட்டுப் பார்த்தும் பயனில்லை. செராமிக் பெண்டு போட்டால் தீர்ந்துவிடும் என்கிறார் விற்பனையாளர். விலையைக் கேட்டால் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். வாங்கலாமா?

14 செப்டம்பர் 2024, இரவு

இப்போதைக்கு வாங்க வேண்டாம். பிளோ டேங்குக்கு அடுத்துள்ள முதல் பெண்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பெரும்பாலான ஆலைகளில் இந்தக் கேள்விக்குப் பதில் வராது, ஏனென்றால் அந்தப் பெண்டை யாரும் மாற்றியதே இல்லை. அதே மணல், அதே குழாய், அதே இரும்பு. ஒரு முனையில் உள்ள பெண்டு பல ஆண்டுகள் நிற்கிறது, மறுமுனையில் உள்ளது இரண்டு மாதம்கூடத் தாங்குவதில்லை என்றால், இரண்டுக்கும் இடையில் மாறியிருப்பது காற்றின் வேகம் ஒன்றுதான்.

குழாயின் தொடக்கத்தில் காற்று அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. சைலோவை நோக்கிச் செல்லச்செல்ல அழுத்தம் குறைந்து காற்று விரிகிறது. விட்டம் மாறாத குழாயில் விரிந்த காற்றுக்கு வேகமாக ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. தொடக்கத்தில் அழுத்தமானி 2 பார் காட்டினால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து அங்கே 3 பார் இருக்கிறது. சைலோவில் 1 பார். எனவே தொடக்கத்தில் நொடிக்கு 15 மீட்டராக இருக்கும் வேகம் முடிவில் 45 மீட்டர் ஆகிறது. மணல் காற்றளவு வேகத்தில் போகாது என்றாலும் அதைத் தொடர்ந்து பின்னால் வந்துகொண்டே இருக்கும்.

அதே இரவு

ஒன்றைச் சேர்க்க விட்டுப்போயிற்று. தேய்மானம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் 2.5 முதல் 3 வரையிலான அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் மூன்று மடங்கானால் தேய்மானம் ஏறத்தாழ 16 முதல் 27 மடங்கு.

17 செப்டம்பர் 2024

நண்பர் விவரங்கள் அனுப்பியிருக்கிறார். முதல் பெண்டை அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மாற்றியதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டதால், நிமிடத்துக்கு 14 கன மீட்டர் காற்று தரும் பழைய கம்ப்ரசரை எடுத்துவிட்டு 28 கன மீட்டர் தருவதை வைத்திருக்கிறார்கள். அழுத்தமானியில் ஏறத்தாழ 2 பார் காட்டுகிறது. வால்வை முழுவதும் திறந்தே ஓட்டுகிறார்கள்.

இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். 100 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 14 கன மீட்டர் என்றால் முடிவில் நொடிக்கு 30 மீட்டர், தொடக்கத்தில் 10 மீட்டர். உலர்ந்த மணலைத் தூக்கிச் செல்லத் தொடக்கத்தில் 15 மீட்டர் அளவாவது வேண்டும். பழைய கம்ப்ரசரில் அடைத்ததில் வியப்பில்லை. இப்போது 28 கன மீட்டரும் போகிறது என்றால் தொடக்கத்தில் 20, முடிவில் 60. அடைப்பு நின்றிருக்கும், உண்மைதான். ஆனால் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் குவார்ட்ஸ் மணலை ஓர் இரும்பு வளைவின் மீது இரவும் பகலும் அடித்துக்கொண்டிருந்தால், அந்த வளைவு ஐந்து வாரம் நிற்பதே பெரிது.

தேவையான காற்று 21 கன மீட்டர். அப்போது தொடக்கத்தில் 15, முடிவில் 45 கிடைக்கும். இந்த 45-ஐயும் குறைப்பதற்குக் குழாயைப் படிப்படியாக அகலப்படுத்த வேண்டும். 100 மி.மீ. குழாயில் வேகம் 23-ஐத் தாண்டும் இடத்தில் 125 மி.மீ.க்கு மாறினால் வேகம் மறுபடி 15-க்கு இறங்கும். அது 21-ஐத் தாண்டும் இடத்தில் 150 மி.மீ.க்கு மாறினால் மீண்டும் 15. சைலோ வாசலில் 20. குழாயின் எந்த இடத்திலும் 24-ஐத் தாண்டாது. இப்போதுள்ள 60-உடன் ஒப்பிட்டால் தேய்மானம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வரும். இதற்காகும் செலவு சாதாரண இரும்புக் குழாயின் விலைதான்.

18 செப்டம்பர் 2024

நேற்றைய கணக்கைப் படித்த இன்னொருவர், 120 மீட்டரை மூன்றால் வகுத்து 40 மீட்டருக்கு ஒரு படி (குழாய் அகலமாகும் இடம்) வைக்கலாமா என்று கேட்கிறார். அப்படிச் செய்யக் கூடாது. படி வைக்க வேண்டிய இடத்தை அழுத்தம் முடிவு செய்கிறது. மேலே சொன்ன கணக்கில் முதல் படி அழுத்தமானி 0.92 பார் காட்டும் இடத்திலும், இரண்டாம் படி 0.33 பார் காட்டும் இடத்திலும் வர வேண்டும். செங்குத்தாக ஏறும் குழாயிலும் ஒவ்வொரு பெண்டுக்குப் பிறகும் அழுத்தம் கூடுதலாக விழும் என்பதால், நாடாவால் அளந்து இந்த இடங்களைக் கண்டுபிடிக்க இயலாது. குழாயில் நான்கைந்து இடங்களில் கால் அங்குல ஸ்டப் (குட்டைக் குழாய்) பற்றவைத்து, மணல் உள்ளே புகாதபடி சிறு வடிகட்டித் துண்டு வைத்து, ஒரே அழுத்தமானியை மாற்றிமாற்றிப் பொருத்திப் பாருங்கள். அரை நாள் வேலை.

இன்னொன்று, பிளோ டேங்கின் மேலுள்ள அழுத்தமானியை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். தொட்டியிலிருந்து குழாய்க்குள் நுழையும்போதே அழுத்தத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. நமக்கு வேண்டியது குழாயின் முதல் மீட்டரில் உள்ள அழுத்தம். அதுவும் சரக்கு சீராக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தது.

25 செப்டம்பர் 2024

"இவ்வளவு கணக்கு எதற்கு? டென்ஸ் ஃபேஸ் முறைக்கு (சரக்கைக் குழாயில் அடர்த்தியாக, மெதுவாக நகர்த்துவது) மாறிவிட்டால் நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் அனுப்பலாமே" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானது. ஆனால் எல்லாச் சரக்கும் அதற்கு இடம்கொடுக்காது.

நெய்வேலிப் பக்கம் சாம்பல் கடத்தும் குழாய்களோடு நான் பல ஆண்டுகள் பழகியவன். பழுப்பு நிலக்கரியின் பறக்கும் சாம்பலை அழுத்தத் தொட்டியில் நிரப்பிக் காற்றைச் செலுத்தினால் அது நீர்போல இளகிவிடும்; காற்றை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் இளகியே இருக்கும். அந்த நிலையில் குழாயின் அடிப்பகுதியை நிரப்பிக்கொண்டு மெதுவாக நகர்ந்து செல்லும். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தால் சீறல் தெரியாது. ஓர் அலை வந்து கடந்துபோவதும், சற்று இடைவெளி விட்டு அடுத்தது வருவதும் தெரியும். மணலை அதே தொட்டியில் போட்டுப் பாருங்கள். காற்று மணிகளுக்கு இடையே புகுந்து மேலே வெளியேறிவிடும். நிறுத்திய நொடியே மணல் இறுகிப் படியும்.

டெரெக் கெல்டார்ட் 1973-இல் தூள்களை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தது இந்தக் குணத்தை வைத்துத்தான். சாம்பல் ஏ வகை, காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மணல் பி வகை; பிடித்துவைக்காது. பி வகைச் சரக்கைச் சாதாரணக் குழாயில் மெதுவாக அனுப்ப முயன்றால் அது ஓரிடத்தில் குவிந்து அடைத்துக்கொள்ளும், பின்னாலிருந்து அழுத்தும் காற்று அந்த அடைப்பை இன்னும் இறுக்கும். வார்ப்பாலைகளில் மணலை மெதுவாகத்தான் அனுப்புகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம்; அதுவும் சரியே. அங்கே தூரம் குறைவு. குழாய் நெடுக இடையிடையே காற்றுச் செலுத்தும் பூஸ்டர்கள் இருக்கின்றன. தொட்டி தொட்டியாக அனுப்புகிறார்கள். இருக்கும் குழாயில் காற்றைக் குறைப்பதால் மட்டும் அது வந்துவிடாது. தனி ஏற்பாடு வேண்டும்.

27 செப்டம்பர் 2024

சேதராப்பட்டு நண்பர் இப்போது சரக்கின் அளவைச் சொல்லியிருக்கிறார். ஒரே குழாயில் இரண்டு சரக்கு போகிறது: பகலில் 30 முதல் 80 மெஷ் (சல்லடைக் கண் எண்; எண் கூடக்கூடச் சரக்கு நுண்ணியது) வரையிலான மணல், இரவில் 200 மெஷ் தூள். ஆகவே என் முந்தைய கணக்கு பகல் சரக்குக்கு மட்டும் பொருந்தும். தூளுக்கு 15 மீட்டர் தேவையில்லை. அதைவிடக் குறைந்த வேகத்திலேயே போகும். இரண்டுக்கும் ஒரே வால்வு நிலை என்றால் இரவு முழுதும் தேவைக்கு மேல் காற்று போகிறது என்று பொருள். சரக்கு மாறும்போது காற்று அளவும் மாற வேண்டும். இரண்டு துளைத்தட்டுகள் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் துளையிட்ட தகடுகள்) செய்து, ஷிப்ட் மாறும்போது மாற்றிப் பொருத்துவது மிகவும் மலிவான வழி.

6 அக்டோபர் 2024

இன்று பெண்டைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

ஓட்டையான பெண்டை எடைக்குப் போடுவதற்கு முன் நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் பாருங்கள். குழாய் வளையத் தொடங்கிச் சற்றுத் தள்ளி வெளிச்சுவரில் ஒரு குழி இருக்கும். அதன் பரப்பு வழவழப்பாக இருக்காது. கடற்கரையில் காற்று மணலில் எழுப்பும் வரிகளைப் போல, ஓட்டத்துக்குக் குறுக்கே சிறுசிறு அலைகள் இரும்பில் எழுந்திருக்கும். குழியின் விளிம்பு கைபட்டால் கிழிக்கும் அளவுக்குத் தாள்போல் மெலிந்திருக்கும். இன்னும் கீழே போனால் உட்சுவரில் வேறொரு பள்ளம். முதல் குழியில் மோதித் திரும்பிய மணல் விழுந்த இடம் அது. பெண்டைத் தாண்டி நேர்க்குழாயின் முதல் ஒன்றிரண்டு மீட்டரிலும் அதன் தடம் தொடரும். பலர் பெண்டை மாற்றிவிட்டு இந்த நேர்க்குழாயை அப்படியே விட்டுவிடுகிறார்கள்; அடுத்த மாதம் அது ஓட்டையாகும்.

நீண்ட ஆரமுள்ள பெண்டு ஏன் உதவவில்லை என்று நண்பர் கேட்டிருந்தார். இரும்பு போன்ற இழுபடும் உலோகம், துகள் நேராக வந்து மோதும்போது தேய்வதைவிட 20 முதல் 30 பாகை வரையிலான சாய்வில் உரசிச் செல்லும்போதுதான் மிகுதியாகத் தேய்கிறது. துகள் அங்கே உளியைப் போலச் சீவுகிறது. நீண்ட ஆரத்தில் மணல் வந்து படும் கோணம் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் விழுகிறது. செராமிக்குக்கு இது நேர்மாறு: சாய்வாக உரசினால் அசையாது, நேராக மோதினால் நுண்ணிய விரிசல் விழுந்து உதிரும். ஆகவே செராமிக்கை நீண்ட ஆரத்தில் போடுவது பொருத்தமானது. சாதாரண இரும்பென்றால் வளைவையே விட்டுவிட்டு, ஒரு பக்கம் மூடிய டீ (T வடிவ இணைப்பு) போடுவதை நான் விரும்புவேன். மூடிய முனையில் மணல் தங்கி நின்று, பின்னால் வரும் மணலின் அடியை மணலே வாங்கிக்கொள்கிறது. அழுத்த இழப்பு சற்றுக் கூடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த மணலுக்கு இது மிக நன்றாக வேலை செய்கிறது. சுண்ணாம்பு மிகுந்த நெய்வேலிச் சாம்பலுக்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். ஈரம் பட்டால் அந்த மூலையில் இறுகிக் கல்லாகிவிடும்.

பெண்டைச் சுற்றித் தகட்டுப் பெட்டி பற்றவைத்துக் கான்கிரீட் நிரப்புவதும் நம் பக்கத்து வழக்கம். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் உள்ளே குழியின் வடிவம் மாறிக்கொண்டே போவதால் மணலின் பாதை திசைமாறி, பெட்டிக்கு வெளியே உள்ள குழாயைத் தின்னத் தொடங்கும்.

7 அக்டோபர் 2024

கடினத்தன்மை பற்றிச் சுருக்கமாக: மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, சிர்கான் 7.5, சாதாரண இரும்பு இரண்டுக்கும் கீழே. வார்ப்பு பசால்ட் (உருக்கி வார்த்த எரிமலைப் பாறை) ஏறத்தாழ 8, அலுமினா செராமிக் 9. தென்மாவட்டத்தில் கனிம மணல் பிரிக்கும் ஆலை ஒன்றில் இருந்தபோது, சிர்கான் போகும் குழாயில் இரும்புப் பெண்டு நிலைக்கவே இல்லை. அங்கே அலுமினா போட்டது சரியான முடிவு. ஆகவே செராமிக் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். வேகத்தைக் குறைத்த பின்னும் தேய்வது எஞ்சியிருந்தால் அதற்குச் செராமிக் போடுங்கள் என்கிறேன்.

போட்டால் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஃபிளாஞ்சு (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலும், கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்பு வளையம்) உள்ளே துருத்திக்கொண்டிருந்தாலும், தேய்மானம் அங்கிருந்து தொடங்கிச் செராமிக் ஓடுகளின் பின்பக்கம் புகுந்துவிடும். மற்றொன்று சுத்தியல். குழாய் அடைத்தால் தட்டிப் பார்ப்பது எல்லா ஆலைகளிலும் உள்ள பழக்கம். பசால்ட்டும் அலுமினாவும் கடினமானவை, ஆனால் நொறுங்கக்கூடியவை. வெளியிலிருந்து ஓர் அடி விழுந்தால் உள்ளே விரிசல் விழுந்திருக்கும். வெளியே எதுவும் தெரியாது. குழாய் தொடங்கும் இடத்திலேயே சுத்தியலைத் தடைசெய்து எழுதி மாட்டிவிடுங்கள்.

29 அக்டோபர் 2024

சேதராப்பட்டிலிருந்து செய்தி. கடைசிப் பகுதியை 125 மி.மீ.க்கு மாற்றி, காற்றை 21 கன மீட்டருக்குக் குறைத்திருக்கிறார்கள். படி வைக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள தூண் வசதியாக இருந்ததால் அங்கே படியை வைத்திருக்கிறார்கள்; இரண்டாம் நாளே, குழாயை அகலமாக்கும் விரிவுத் துண்டுக்கு அடுத்தே அடைத்துக்கொண்டது. அங்கே அழுத்தம் இன்னும் 1.3 பார் இருந்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் 125 மி.மீ. குழாயில் வேகம் 12.5 மீட்டர்தான். படியைச் சைலோப் பக்கம் தள்ளி வைத்த பிறகு ஓடுகிறது. வசதியான தூண் எது என்று பார்த்துப் படி வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

விரிவாக்கத்துக்குப் பின் உராய்வு குறைவதால் தொடக்க அழுத்தமும் குறையும். அழுத்தம் குறைந்தால் அதே காற்றுக்குத் தொடக்க வேகம் கூடும். எனவே எல்லாம் முடிந்த பிறகு அழுத்தத்தை மறுபடி அளந்து, காற்றை இன்னும் சிறிது குறைக்கலாம். இந்தச் சுற்றை இரண்டு முறை செய்தால் நிலைக்கு வந்துவிடும்.

4 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. கடலூரில் தென்பெண்ணை வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை இப்போதே எழுதிவிடுகிறேன்.

மழை நாளில் கம்ப்ரசர் உறிஞ்சும் காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 24 கிராம் நீராவி இருக்கிறது. நிமிடத்துக்கு 21 கன மீட்டரை உறிஞ்சி, 6 பாருக்கு அழுத்தி, 35 பாகைக்குக் குளிர்வித்தால் மணிக்கு 23 லிட்டர் நீர் பிரிகிறது. குடிநீர் கேன் ஒன்று நிரம்பி வழியும் அளவு, ஒவ்வொரு மணி நேரமும். தானியங்கி வடிகால் அடைத்துக்கொண்டால் இவ்வளவும் குழாய்க்குள்தான் போக வேண்டும்.

இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால் ஆறுதலான செய்தி இருக்கிறது. பிரிந்த நீர் ஒழுங்காக வடிந்துவிட்டால், எஞ்சிய காற்று 6 பாரிலிருந்து 2 பாருக்கு விரியும்போது அதன் ஈரப்பதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வெளியில் வீசும் மழைக்காற்றைவிட அது உலர்ந்தது. எனவே காற்றை உலர்த்தப் புதிய டிரையர் வாங்குவதற்கு முன் வடிகால் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கூரையில்லாத இடத்தில் நனைந்து கிடக்கும் மணலைக் காற்று காயவைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம்.

இங்குதான் எனக்கு நெடுநாளாக உள்ள கவலை. நவம்பரில் ஈரத்தால் குழாய் அடைக்கிறது. உடனே ஆபரேட்டர் வால்வை இன்னும் திறக்கிறார், சரக்கு போகிறது, அவரைக் குறை சொல்ல முடியாது, ஷிப்ட் இலக்கு அவர் தலையில் இருக்கிறது. தை பிறந்து வெயில் வந்த பிறகும் அந்த வால்வை யாரும் பழைய நிலைக்குத் திருப்புவதில்லை. மாசியில் பெண்டு ஓட்டையாகும்போது, குழாய் தரமில்லை என்று கொள்முதல் பிரிவின் மேல் கோபம் திரும்புகிறது. வால்வின் கைப்பிடியில் வண்ணக்கோடு போட்டு, திறந்த நாளையும் காரணத்தையும் ஷிப்ட் பதிவேட்டில் எழுதச் செய்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி நின்றுவிடும்.

9 டிசம்பர் 2024

பிளோ டேங்குக்குப் பதில் ரோட்டரி வால்வும் (சுழலும் அறைகளால் சரக்கைக் குழாயில் இடுவது) பிளோயரும் (குறைந்த அழுத்தத்தில் காற்று தருவது) மலிவாக இருக்குமே என்ற கேள்விக்கு: மணலுக்கு வேண்டாம். ரோட்டரின் விளிம்புக்கும் உறைக்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளியில் அழுத்தக் காற்று மணலோடு பின்னோக்கிக் கசியும். கசியக் கசிய இடைவெளி பெரிதாகும். குழாய்க்குப் போக வேண்டிய காற்று மேலுள்ள ஹாப்பருக்குள் (சரக்குத் தொட்டி) போகும்.

15 டிசம்பர் 2024

ஓட்டையான பெண்டின் மேல் ரப்பர் சுற்றி, கம்பி கட்டி, அடுத்த ஞாயிறு வரை ஓட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அந்தக் கசிவில் வருவது படிகக் குவார்ட்ஸ் தூள். கண்ணுக்குத் தெரியும் தூசி தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். சிலிக்கோசிஸ் (இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய்) வந்த நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக வைத்திருந்தது. சுவாசிக்கத்தக்க தூசிக்கு அச்சட்டம் வைத்த வரம்பு: குவார்ட்ஸ் விழுக்காட்டோடு 2-ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 10-ஐ வகுத்தால் வரும் மில்லிகிராம், ஒரு கன மீட்டர் காற்றுக்கு. 98 விழுக்காடு குவார்ட்ஸ் உள்ள உங்கள் சரக்குக்கு அது 0.1 மி.கி. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அந்த இடத்தில் நிற்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கசிந்தால் நிறுத்துங்கள். மாற்றுப் பெண்டு ஒன்று எப்போதும் கிடங்கில் இருக்கட்டும்.

11 ஜனவரி 2025

விருத்தாசலத்திலிருந்து ஒருவர், பீங்கான் ஆலைகளுக்காகக் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அரைக்கும் புதிய ஆலைக்குத் திட்டமிடுவதாகவும், காற்றுக் குழாயின் விட்டத்தைச் சொல்லும்படியும் கேட்டிருக்கிறார். விட்டத்தைச் சொல்வதற்கு முன், காற்று வேண்டுமா என்று கேட்கிறேன். ஒரே அளவு சரக்கை ஒரே தூரம் கொண்டுபோகக் காற்று, பெல்ட்டைவிடப் பல மடங்கு மின்சாரம் கேட்கும். சாலையைக் கடக்க வேண்டும், பழைய கட்டடங்களுக்கு நடுவே வளைந்து போக வேண்டும், ஒரே தொட்டியிலிருந்து நாலைந்து சைலோக்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும் என்றால் காற்றுக்கு இணை இல்லை. அடைத்த குழாய் என்பதால் தூசியும் வெளியேறாது. உங்களுக்கு இருப்பதோ வெறும் நிலம். சைலோவை அரைவைக்கு அடுத்தே நிறுத்தினால் ஒரு பக்கெட் எலிவேட்டர் (வாளிகள் கோத்த ஏற்றி) போதும்; மணலைத் தரையோடு நகர்த்த மூடிய பெல்ட் போதும். 200 மெஷ் தூளுக்கு மட்டும் ஒரு குறுகிய குழாய் வைத்துக்கொள்ளலாம். தள வரைபடத்தை அனுப்புங்கள். சைலோவின் இடம் முடிவான பிறகு விட்டத்தைக் கணக்கிட்டுத் தருகிறேன்.